குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று முகாமுக்கு வருபவரிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

2024 மார்ச்சில் சி.ஏ.ஏ. எனும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் வந்த கையோடு எங்கள் முகாமுக்கு ஒரு புரோக்கர் வர ஆரம்பித்தார். "சட்டம் மாறிருச்சும்மா, இனி உங்களுக்கும் குடியுரிமைதான். பைல் டெல்லி வரைக்கும் போகணும், அதுக்குத்தான் செலவு" என்று அம்மாவிடம் பேசிப் பேசியே அக்காவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். தம்பி பெயிண்ட் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம்.

அந்தச் சட்டத்தில் இலங்கையே கிடையாது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தவருக்கு மட்டும்தான் அது.

அக்காவிடம் வாங்கினாரே, அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. அக்கா 1986இல் ராமநாதபுரத்தில் பிறந்தவர். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர, பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்கிறது 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு. பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே இல்லை. மண்டபம் முகாமில் அதே 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அக்காவுக்கும் முக்கியமாக வேண்டியது பிறப்புச் சான்றிதழ்தான். அந்த அசலை வாங்கிக்கொண்டு போனவர் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

தம்பி 1991இல் பிறந்தவன். 1987 ஜூலை 1க்குப் பிறகு என்றால் அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மனுப் போட்டு வாங்கலாம் என்றால், உரிய ஆவணமில்லாமல் வந்தவர்கள் என்ற கணக்கில் அரசு எங்களை வைத்திருப்பதால் அந்த வழியும் அடைபட்டுக் கிடக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். ஆனால் அதை நாடாளுமன்றமோ நீதிமன்றமோதான் சரிசெய்ய முடியும், 40,000 ரூபாய் வாங்கும் புரோக்கரால் முடியாது.

அப்புறம் ஒருநாள் தம்பியிடம் வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6ஐ நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். 'நான் இந்தியக் குடிமகன்' என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. அதில் பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை. "ஆதார்தான் இருக்கே தம்பி" என்று சமாதானம் வேறு. ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல என்று அந்த அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தம்பி கையெழுத்துப் போடவில்லை. அன்றோடு அவருடைய போன் ஸ்விட்ச் ஆஃப்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் சான்றிதழ் நகலுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வக்கீலுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.

இதே ஆள் பக்கத்து மாவட்ட முகாம்களிலும் வசூல் செய்வதாகக் கேள்வி. பணமோ சான்றிதழோ கொடுத்தவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், எஸ்.பி. அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்தே மனுக் கொடுக்கலாம்.