பூட் நிரம்பினால் எதை நீக்குவது: கோப்பையா, பேக்கேஜையா?

உபுண்டு லினக்ஸை டிஸ்க் என்கிரிப்ஷனோடு (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு) நிறுவினால், கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் (/boot) பகுதிக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கப்படும். என் மடிக்கணினியில் அது 700 எம்பி சொச்சம். கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி; தொடக்கத்தில் அதற்குத் துணைநிற்கும் இனிட்ஆர்டி (initrd) கோப்பே 100 எம்பியைத் தாண்டுகிறது. அப்டேட்டுகளால் நாலைந்து கர்னல் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும். போன மாதம் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது.

பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம்தான். ஆனால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது என்கிரிப்ட் ஆன பகுதி. அதைச் சுருக்கி நகர்த்த எனக்குத் துணிச்சல் இல்லை. இனிட்ஆர்டியை உருவாக்கும் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) அமைப்பில் 'மோஸ்ட்' என்பதை 'டெப்' ஆக்கினால் இந்தக் கணினிக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் சேர்ந்து கோப்பு இளைக்கும். அதை ஒரு வாரமாகத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

மிச்சம் இரண்டு வழி: ஆர்எம் (rm) கட்டளை போட்டுக் கோப்பை அழிப்பது, மென்பொருளை நிறுவி நீக்கும் ஆப்ட் (apt) மூலம் கர்னல் பேக்கேஜை நீக்குவது. முன்பு ஒருமுறை ஆர்எம்தான் போட்டேன். பெரியது என்று பழைய இனிட்ஆர்டியை மட்டும் அழித்தேன், இடமும் கிடைத்தது. சில நாளில் புதிய கர்னலில் வைஃபை வரவில்லை. சரி, பழையதில் நுழையலாம் என்று கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் தேர்ந்தெடுத்தால் கர்னல் பேனிக், அதாவது கர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. என்கிரிப்ட் ஆன டிஸ்க்கைத் திறக்கும் வேலையே இனிட்ஆர்டியுடையது. அது இல்லாமல் கர்னல் என்ன செய்யும்? நிறுவிய பேக்கேஜ்களின் பதிவை வைத்திருக்கும் டிபிகேஜி (dpkg) கணக்கிலோ அந்தக் கர்னல் நல்லபடியாக இருந்தது. ரூட் பார்ட்டிஷனில் அதன் மாட்யூல்களும் (டிரைவர் போன்ற துணைக் கோப்புகள்) அப்படியே கிடந்தன.

ஆப்டில் பர்ஜ் (முழுசாக நீக்கும் கட்டளை) செய்தால் கர்னல், இனிட்ஆர்டி எல்லாம் சேர்ந்தே போகும், க்ரப் மெனுவும் தானாகத் திருந்தும். மிஞ்சுகிற கர்னல் முழுசாக மிஞ்சும். இதற்காகவே நான் ஆப்ட் பக்கம். முதலில் ஆட்டோரிமூவ் (தேவையற்ற பேக்கேஜ்களைத் தானாக நீக்கும் கட்டளை), ஓடிக்கொண்டிருக்கும் கர்னலையும் புதியதையும் அது தொடாது. நாமே பெயர் சொல்லி நிறுவிய கர்னலையும் தொடாது. எனக்கு அப்படி ஒன்று ஒளிந்திருந்தது. யூநேம் (uname) கட்டளையில் ஓடும் கர்னலின் பதிப்பைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பழையதைப் பெயர் சொல்லிப் பர்ஜ் செய்யலாம் என்று போனேன்.

ஆனால் அப்டேட் பாதியில் நின்றிருந்ததால் ஆப்ட் முரண்டு பிடித்தது. இடம் கிடைக்க, பர்ஜ் செய்யவிருந்த அதே பழைய கர்னலின் இனிட்ஆர்டியை அழிக்காமல் என் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். பாதியில் நின்றதைச் சரிசெய்யும் ஆப்டின் 'ஃபிக்ஸ் ப்ரோக்கன்' ஓடி முடிந்தது, அப்புறம் பர்ஜும். ஹோமில் கிடந்த கோப்பைக் கடைசியாக அழித்தேன். அதற்கு ஆர்எம் போதும்.