டை பிரிண்டரில் பிக்மென்ட் இங்க்கை ஊற்றவைத்து ரூ.18,400-க்கு வேட்டு: சேலம், ஏற்காடு ஸ்டூடியோக்காரர்கள் கவனத்துக்கு

ரூ.18,400. நேற்று சர்வீஸ்காரரிடம் கடைசித் தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு மலை ஏறி வந்த கையோடு இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஃபோட்டோ பிரிண்டர் வைத்துப் பிழைக்கிற இன்னொருவர் இதே கடையிலோ இதே மாதிரிக் கடையிலோ ஏமாறக் கூடாது.

ஏற்காட்டில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஏரிக்கரையிலும் லேடீஸ் சீட்டிலும் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்து, அவர்கள் வண்டி ஏறுவதற்குள் 4-க்கு 6 சைஸில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதுதான் முக்கிய வருமானம். அதற்காகவே வாங்கியது ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டர். இங்க்கில் டை, பிக்மென்ட் என்று இரண்டு வகை உண்டு; இது டை இங்க்கில் ஓடும் மெஷின். லைட் சயான் (இளநீலம்), லைட் மெஜந்தா (இளஞ்சிவப்பு) இரண்டும் தனியாக இருப்பதால் கிளாஸி பேப்பரில் முகத்தின் நிறம் அவ்வளவு சுத்தமாக வரும்.

கோடை சீசனுக்கு முன்னால் இங்க் வாங்கச் சேலம் இறங்கினேன். ரீஃபில், பிரிண்டர் சர்வீஸ், மொத்த இங்க் வியாபாரம் மூன்றும் செய்கிற கடை. நான் வழக்கமாகப் பேப்பர் வாங்குகிற இடம். மாடல் நம்பரைச் சொல்லி, "டை இங்க்தானே குடுக்கறீங்க?" என்று வாய்விட்டே கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஃபோட்டோ இங்க்ணா, எல்லா மெஷினுக்கும் ஒண்ணுதான். வருஷக்கணக்குல வர்ற உங்களுக்குத் தப்பாக் குடுப்பனா?" என்றார். டீ வரவழைத்தார். அப்புறம் மேசையில் கிடந்த ஒரு பிரிண்ட்டை எடுத்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றித் துணியால் துடைத்தார். ஒரு துளி நிறம் கரையவில்லை. "கம்பெனி இங்க்ல இப்படி வருமாணா?" என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். ஆறு பாட்டில், ரூ.2,400. "இருக்கற இங்க் மேலயே ஊத்திக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்லி அனுப்பினார்.

பாட்டிலில் இருந்தது பிக்மென்ட் இங்க்.

அந்தத் தண்ணீர் வித்தையைப் புரிந்துகொள்ளுங்கள். டை இங்க்கில் நிறம் திரவத்தில் முழுதாகக் கரைந்திருக்கும். பேப்பரின் பூச்சுக்குள் இறங்கும், தண்ணீர் பட்டால் பரவவும் செய்யும். பிக்மென்ட்டில் நிறம் கரையாது. நுண்ணிய துகள்களாக மிதந்து, பேப்பரின் மேலேயே தங்கிவிடும். அதனால் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும். அது நல்ல இங்க்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கென்று செய்த மெஷினில், அதற்கு ஏற்ற பேப்பரில்தான் நல்ல இங்க். கேனன் கம்பெனியே ப்ரோ-200 என்ற பிரிண்டரை டை இங்க்குக்கும், ப்ரோ-300 என்பதைப் பிக்மென்ட்டுக்கும் தனித்தனியாகச் செய்திருக்கிறது. ப்ரோ-300-இல் பளபளப்பைச் சமன்செய்ய நிறமில்லாத பூச்சு ஒன்று தனி டேங்கிலேயே வருகிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால் இரண்டு மெஷின் எதற்கு?

என் மெஷினில் முதலில் கெட்டது நிறம். முகமெல்லாம் பச்சை தட்டியது. அந்த பிரிண்டரின் கலர் செட்டிங் முழுக்க டை இங்க்கைக் கணக்கு வைத்துச் செய்தது. கறுப்பு முடியைச் சாய்த்துப் பார்த்தால் செம்பு மாதிரி ஒரு மினுக்கு. கவரில் போட்டுக் கொடுத்த படத்தை ஒரு அம்மா அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, "தம்பி, கையெல்லாம் கறுப்பு ஒட்டுது பாருங்க" என்று காட்டினார். மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் நாசில் செக்கில், அதாவது இங்க் வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பிரிண்ட்டில், கோடு கோடாக விட்டுப்போக ஆரம்பித்தது. சயான் முதலில் போச்சு, பின்னாலேயே கறுப்பு.

கடைக்கு ஃபோன் செய்தால், "ஹெட் கிளீனிங் குடுத்துக்கிட்டே இருங்க, சரியாயிடும்." ஹெட் என்பது இங்க்கைப் பேப்பரில் தெளிக்கிற பாகம். கொடுத்தேன். இங்க்தான் தீர்ந்தது, கழிவு இங்க்கை உறிஞ்சுகிற வேஸ்ட் இங்க் பேட் நிரம்பி மெஷின் நின்றே போனது. மறுபடி ஃபோன் செய்தால், "மலைக் குளிருக்கு அப்படித்தாணா இருக்கும்." இத்தனை வருஷமாக இதே குளிரில்தான் அந்த மெஷின் ஓடியது! அப்புறம் பேப்பர் சரியில்லை என்றார். அந்தப் பேப்பரும் அவர் விற்றதுதான். நாசில் செக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதிலே இல்லை. கடைசியில் பையன் ஒருவன் எடுத்து, "அண்ணன் வெளிய போயிருக்காரு" என்றான். பின்னால் அண்ணன் குரல் எனக்கே கேட்டது.

வேறொரு சர்வீஸ்காரரிடம் மெஷினைக் கொண்டுபோனேன். ஹெட்டுக்கு இங்க் போகிற வழியில் இருக்கும் டேம்பர் என்ற சின்னப் பாகத்தைக் கழற்றிக் காட்டினார். பழைய டையும் புதுப் பிக்மென்ட்டும் கலந்து, எலுமிச்சை விழுந்த பால் போலத் திரிந்து, ஹெட்டுக்குள் போய் அடைத்திருந்தது. கழுவிப் பார்த்தார், திறக்கவில்லை. புது ஹெட் ரூ.13,500. டேம்பர், டியூப், பேட், வேலைக்கூலி ரூ.1,500. வீணான பேப்பரும் திருப்பிக் கொடுத்த பணமும் ரூ.1,000. அந்த இங்க் ரூ.2,400. மொத்தம் ரூ.18,400. சீசன் வியாபாரம் போனது இதில் சேரவில்லை.

இங்க் விற்ற கடையில் பில்லோடு போய் நின்றபோது கடைக்காரர் சொன்ன பதில்தான் வயிறெரிகிறது. "பில்லுல டைன்னு எழுதியிருக்கா?" எழுதவில்லை, "இங்க் 6" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறார். "நீங்களும் கடைக்காரர்தான், நுகர்வோர் கோர்ட்டெல்லாம் செல்லாது" என்றார். அது பொய். தன் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் அதற்கென்று வாங்கும் பொருளுக்கு அவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 5 லட்சம் வரைக்கும் வாங்கிய பொருளென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டேன், அடுத்து சேலம் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். ரூ.18,400-ஐ விடுவதாக இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், கடையில் ஆள் நிற்கிறது. இங்க் வாங்கினால் டையா பிக்மென்ட்டா என்று பில்லில் எழுதி, மாடல் நம்பரோடு கையெழுத்து வாங்குங்கள். மேசையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால், அந்த பிரிண்ட் எந்த மெஷினில் எடுத்தது என்று கேளுங்கள். பழைய இங்க் மேலேயே ஊற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் ஹெட் கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். உடனே நிறுத்தி, டேங்க், டியூப் எல்லாவற்றையும் காலிசெய்து கழுவக்கூடிய ஆளிடம் கொண்டுபோங்கள். காய விட்டால் ஹெட் போய்விடும்.