நீராவியிலிருந்து தண்ணீருக்கு: ஆறு வருஷ அனுபவம்

கோத்தகிரி வீட்டில் இன்றும் செம்பு பாய்லர்தான். நடுக்குழாயில் கரி அணைந்த பிறகும் மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக வெந்நீர் கொட்டும். ஒரு வாளி தாராளம், அடுத்தது வெதுவெதுப்பு. "ஏன்டா, எண்ணெய்க் கெணத்துல தண்ணி ஊத்துறியாமே?" என்று லீவில் வரும்போதெல்லாம் கேட்கும் சித்தப்பாவுக்கு இதைக் காட்டித்தான் புரியவைத்தேன்.

வளைகுடாவில் நான் வேலை பார்ப்பது பழைய வயல். எண்ணெய் தார் மாதிரி கெட்டி. அதை இளக்கப் பல வருஷம் நீராவி செலுத்தினோம். கலிபோர்னியாவின் கெர்ன் ரிவரில் 1960-களிலும் சுமத்ராவின் டூரியில் 1985 முதலும் நடந்த அதே வேலை. ஆவி லேசானது, பாறையின் மேற்பகுதியைப் பிடித்துக்கொண்டு உற்பத்திக் கிணற்றுக்குக் குறுக்குவழி கண்டுபிடித்துவிடும். அதற்கப்புறம் எரிக்கிற கேஸுக்கு எண்ணெய் கட்டாது. கொதிக்கிற தண்ணீர் ஒரு கிலோவை ஆவியாக்க மட்டுமே 2,257 கிலோஜூல் வேண்டுமே!

அதனால் ஆவியை நிறுத்திவிட்டு, பாறையில் மிச்சமிருந்த சூட்டை நம்பித் தண்ணீர் செலுத்த மாறினோம். முதல் சில மாதம் வயிற்றைக் கலக்கியது. செலுத்திய தண்ணீர் போன இடம் தெரியவில்லை, உற்பத்தியும் அசையவில்லை. உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலியிடம் நிரம்பும்வரை அழுத்தம் ஏறாது. இங்கே தண்ணீரில் கஞ்சத்தனம் பார்த்தால் போச்சு. ஆவி துடைத்து வைத்த மேற்பாறைக்குள் எண்ணெயே திரும்ப ஏறி உட்கார்ந்துவிடும். தண்ணீர் செலுத்தும் பம்ப் வரட்டும் என்று ஆவியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஒரு பகுதியில் எங்களுக்கு அதுதான் நடந்தது. முன்கூட்டியே சொன்னோம், யார் கேட்டார்கள்?

நிரம்பிய பிறகு நிம்மதி. பாறையில் தேங்கிய சூட்டை வாங்கிக்கொண்டு, ஆவி எட்டாத அடிப்பக்கம் தண்ணீர் இறங்கியது. ஆவிக்கான தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னருக்கு உப்பு மூட்டை தூக்கும் வேலையும் ஒழிந்தது. பதிலுக்கு வேறு தலைவலி: ஆக்ஸிஜனை நீக்காவிட்டால் குழாய் அரிக்கும்; வடிகட்டி சரியில்லையென்றால் செலுத்துகிற கிணறே அடைத்துக்கொள்ளும். நாலாவது வருஷத்திலிருந்து வெப்பம் இறங்கி, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் மோர் மாதிரி கலங்கி வருகிறது. பிரித்தெடுக்க மறுபடி சூடாக்குகிறோம். மிச்சம் பிடித்த கேஸில் கொஞ்சம் அங்கே போகிறது.

மாறப்போகிறவர்கள் முதலில் கண்காணிப்புக் கிணறுகளில் வெப்பநிலையை அளந்துவிடுங்கள். எங்கள் வடக்கு ஓரத்துக்கு ஆவி சரியாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. அங்கேயும் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கெட்டி எண்ணெயைத் தள்ளாமல், சந்து பார்த்து ஓடி அடுத்த கிணற்றில் அப்படியே வந்து நின்றது. கரியே போடாத பாய்லர் அது. அந்தப் பக்கத்துக் கிணறுகளை நான் போன தடவை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே மூடிவிட்டார்கள்.