கெட்டி பியூ (பாலியூரித்தேன்) ஃபோம்: சிலிகான் சர்ஃபாக்டன்ட்டா, சிலிகான் இல்லாததா?

ஃப்ரிட்ஜ் சுவருக்கும் குளிர்கிடங்குப் பேனலுக்கும் ஃபோம் ஊற்றுபவர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். ஃபோமின் மூலப்பொருளான பாலியாலில் 100 பங்குக்கு 1 முதல் 3 பங்குதான் சர்ஃபாக்டன்ட் (பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) சேர்க்கிறோம். ஆனால் ஃபோமின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

அறைகள்
சிலிகான்: கலக்கும்போது சிக்கிக்கொள்ளும் காற்றுக் குமிழிகள்தான் பிறகு ஃபோமுக்குள் இருக்கும் சிறு அறைகளாக வளர்கின்றன. சிலிகான் பரப்பு இழுவிசையை நன்றாக இறக்கிவிடுவதால், அந்தப் பிஞ்சுக் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் தாக்குப்பிடிக்கின்றன. கத்தியால் வெட்டிப் பார்த்தால் நுண்ணிய, சீரான அறைகள் தெரியும்.
மற்றது (சிலிகான் இல்லாதது): ஆமணக்கெண்ணெய் எத்தாக்சிலேட் போன்றவை பாலியாலும் அதோடு வினைபுரியும் ஐசோசயனேட்டும் கலக்க உதவும். ஆனால் ஃபோம் எழும்பும் நேரத்தில் பிடிப்பு போதாது. அறைகள் பெரிதாகும், சில இடங்களில் உள்ளே சரியும்.

வெப்பத்தடுப்பு
இதில் போட்டியே இல்லை, சிலிகான்தான். அறை சிறிதானால் கதிர்வீச்சு வழியாகக் கடக்கும் வெப்பம் குறையும். மூடிய அறைகள் 90 சதவீதத்தைத் தாண்டினால் ஃபோமை எழுப்பும் ஊதுவாயுவும் உள்ளேயே நிற்கும்.

விலை
சிலிகான் கூடுதல்தான். போடும் அளவு குறைவு என்பதால் பெரிதாக உறைக்காது.

பெயின்ட்
சிலிகான் ஒட்டிய பரப்பில் பெயின்ட் குழிகுழியாக விலகும். மற்றதில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, எதை எடுப்பது? குளிர்காப்பு வேலைக்கு சிலிகான். வெறும் இடைவெளி நிரப்பவோ, பெயின்ட் பட்டறை பக்கத்திலேயே இருந்தாலோ மற்றதை முயலலாம். அப்புறம், தண்ணீரும் அமீனும் (வினையை வேகப்படுத்தும் பொருள்) முன்கூட்டியே கலந்த பாலியாலை மாதக்கணக்கில் வைப்பீர்களானால், நீரால் சிதையாத சிலிகான்–கார்பன் பிணைப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள்.