கார்னெல் நோட்டு: மூன்று வருஷம் எழுதிப் பார்த்ததில்

முதல் செமஸ்டர் நோட்டை இப்போது புரட்டினால் பாதி வாக்கியத்துக்கு வால் இல்லை. பாபநாசம் பக்கம் தமிழ் மீடியம் படித்துவிட்டு கும்பகோணத்துக்கு பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வந்தவன் நான். சார் ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு 120, 130 சொல் பேசுவார், என் கை ஓடுவது 20, 25தான். அவர் போர்டை அழிக்கும்போது நான் இன்னும் இரண்டாவது வரியில் இருப்பேன்.

ஒரு இன்டர்னல் தேர்வில் கார்னோ இயந்திரக் கணக்கு வந்தது (வெப்பத்தை வேலையாக மாற்றும் இலட்சிய இயந்திரம், அதன் திறன் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள்), 227 டிகிரி செல்சியஸுக்கும் 27 டிகிரிக்கும். சூத்திரம் நோட்டில் இருந்தது, 'கெல்வினில் போடணும்' என்று சார் வாயால் சொன்னது மட்டும் இல்லை. செல்சியஸையே போட்டு 88 சதவீதம் என்று எழுதிவிட்டு வந்தேன். விடை 40.

அதற்கப்புறம்தான் சீனியர் அண்ணன் ஒருவர் கார்னெல் முறை என்ற குறிப்பெடுக்கும் வழியைக் காட்டினார். 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்தது. இடப்பக்கம் இரண்டரை இன்ச், அடியில் இரண்டு இன்ச் விட்டுக் கோடு போட வேண்டும். வலப்பக்கம் வகுப்பில் எழுத, இடப்பக்கம் பிறகு கேள்வி எழுத, அடியில் சுருக்கம். ஞாயிற்றுக்கிழமை லாங் சைஸ் நோட்டும் ஸ்கேலுமாக உட்கார்ந்தால் அம்மா, "என்னடா, நெல்லுக் கணக்கா?" என்பார்.

எனக்கு உண்மையில் உதவியது இடப்பக்கக் கட்டம்தான். வகுப்பில் விட்டுப்போனால் வலப்பக்கம் இரண்டு வரி காலியாக விட்டு, இடப்பக்கம் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போய்விடுவேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், தாராசுரம் தாண்டி சுந்தரப்பெருமாள் கோயில் வருவதற்குள் பக்கத்து சீட்டு நண்பன் நோட்டைப் பார்த்து ஓட்டையை அடைத்துவிடலாம். கேள்விகளைத் தமிழிலேயே எழுதுவேன்: 'அடியாபாட்டிக் = வெப்பப் பரிமாற்றமில்லா. ஏன்?' மறுநாளுக்குத் தள்ளினால் அந்தக் கேள்விக்குறி எதற்குப் போட்டது என்றே தெரியாது.

அடியில் இருக்கும் சுருக்கக் கட்டம் எனக்கு ஒரு மாதம்தான் ஓடியது, இப்போது அதில் பஸ் காசுக் கணக்குதான் இருக்கிறது. சூத்திரத்தைப் படிப்படியாக வருவிக்கும் நீளமான டெரிவேஷனுக்கும் இந்த முறை சரிப்படாது, இடம் பத்தாது, அதற்கு முழுப் பக்கம்தான். போனில் ரெக்கார்ட் செய்தும் பார்த்தேன், 50 நிமிஷ வகுப்பைத் திரும்பக் கேட்க இன்னொரு 50 நிமிஷம் யாரிடம் இருக்கிறது?

இந்த வருஷம் தங்கச்சி முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். இடது கைப் பழக்கம், கை இடப்பக்கக் கட்டத்தின் மேலேயே கிடந்து மையை இழுக்கிறது என்றாள். கோட்டை வலப்பக்கம் மாற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், முதல் இன்டர்னல் முடியட்டும், வந்து சொல்கிறேன்.