பயிலரங்கா, இரவல் பெட்டியா?

பட்டம் வாங்கி இருபது ஆண்டுகள் ஆன உயிரியல் ஆசிரியருக்கு பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்), பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் படியெடுக்கும் முறை) எல்லாம் கரும்பலகைச் சொற்கள்தான். மிகச் சிறு அளவுத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைத் தொட்டே பார்க்காமல் ஓய்வு பெறுபவர்களும் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவில் வேரூன்றிய இரண்டு வழிகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆசிரியரை ஆய்வகத்துக்கு வரவழைப்பது. நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 1988இல் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் தொடங்கிய டி.என்.ஏ. கற்றல் மையம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே பழக்கப்படும் ஆய்வுகளில் ஒன்று பி.வி.92. உப்புநீரில் வாய் கொப்பளித்து, கன்னத்துச் செல்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, 16ஆம் குரோமோசோமில் 'ஆலு' என்ற சுமார் 300 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள துண்டு இருக்கிறதா என்று பி.சி.ஆர். மூலம் பார்ப்பார்கள். நோயோடு இதற்குச் சம்பந்தம் இல்லை, வகுப்பறைக்கு உகந்தது. ஆனால் பெற்றோரின் மாதிரியையும் சேர்த்து ஓட்டிவிட்டால், குடும்பத்தில் யாரும் கேட்காத கேள்விக்கு விடை வந்து நிற்கக்கூடும். எனவே ஒப்பீட்டை வகுப்புக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இத்தகைய நுணுக்கங்களை நிபுணரின் பக்கத்தில் நின்று கற்பதே பயிலரங்கின் பலம். பலவீனம், ஆசிரியர் ஊர் திரும்பியதும் தெரியும்: பள்ளியில் பி.சி.ஆர். கருவி இருக்காது.

இரண்டாவது, ஆய்வகத்தையே பள்ளிக்கு அனுப்புவது. கலிபோர்னியாவில் 1990இல் முளைத்த 'ஆம்ஜென் பயோடெக் எக்ஸ்பீரியன்ஸ்' திட்டம் ஆசிரியருக்குப் பயிற்சி தந்து, கருவிகளையும் வேதிப்பொருள்களையும் இலவசமாக அனுப்புகிறது; முடிந்ததும் கருவிகள் திரும்பிவிடும். மாணவர்கள் செந்நிற ஒளிர்புரத்தின் மரபணுவை ஒரு பிளாஸ்மிட்டில் ஏற்றி ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். மனித இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிப்பதும் அடிப்படையில் இதே வித்தைதான்.

என் ஓட்டு இரவல் பெட்டிக்கே. கற்ற கை அதே பருவத்தில் மாணவர் முன் இயங்கினால்தான் பயிற்சி நிலைக்கும். ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு. எல்லாம் தயாராக வரும்போது ஆசிரியர் பொட்டலத்து மசாலாவைக் கொட்டிக் கிளறும் சமையல்காரர் ஆகிவிடுகிறார். குழம்பு கெட்டால் காரணம் சொல்லத் தெரியாது.

பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியா மட்டுமே பிழைக்கும்படி ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் ஒரு பாக்டீரியாக் கூட்டமும் முளைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்மிட் செல்லுக்குள் நுழையத் தரும் 42 டிகிரி வெப்ப அதிர்ச்சி முக்கால் நிமிடத்துக்குப் பதில் சில நிமிடம் நீண்டதா, செல்கள் பனிக்கட்டியில் இல்லாமல் வெளியே கிடந்தனவா, பிளாஸ்மிட் போடவே மறந்துவிட்டோமா? முளைத்திருக்கிறது, சிவப்பு மட்டும் இல்லை என்றால் கதை வேறு; மரபணுவை இயக்கும் அராபினோஸ் சர்க்கரை அந்தத் தட்டில் இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பிளாஸ்மிட் சேர்க்காத செல்களும் ஆம்பிசிலினில் செழித்தால், மருந்து வீரியம் இழந்திருக்கலாம்.

பப்பாளியிலோ பசலையிலோ சோப்புக் கரைசலும் குளிர்ந்த ஆல்கஹாலும் சேர்த்து டி.என்.ஏ.வை வெள்ளை நூலாக எடுப்பது மூன்றாவது வழி. செலவு குறைவு, பிள்ளைகளுக்குக் குதூகலம். ஆசிரியர் பயிற்சி என்று அதை மட்டும் காட்டிக் கணக்கு முடிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி, பயிற்சியில் கூடுதலாக ஒரு நாள் கேட்டு வாங்கட்டும். அன்று ஆசிரியர்கள் ஒவ்வொரு படியையும் வேண்டுமென்றே கெடுத்து, மறுநாள் காலை தட்டுகளைத் திறந்து பார்க்கட்டும்.