முழங்கால் மடக்கும் இயந்திரம் என்று 85,000 ரூபாயை விழுங்கிவிட்டான்

இன்று காலை ஏழு மணிக்கு அந்த இயந்திரத்தை விற்றவன் என் தொலைபேசி எண்ணை முடக்கிவிட்டான். அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன். வன்னியில் உங்கள் வீட்டில் யாராவது மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். ஐந்து அறிவுரையாவது கீழே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. போர்க்காலத்தில் கிளிநொச்சியிலிருந்து மாத்தளன்வரை மூட்டையோடு நடந்த கால்கள். வலது முழங்கால் தேய்ந்து, வாசற்படி ஏறவே அழத் தொடங்கிய பிறகுதான் மாற்றினோம். ஐந்தாம் நாள் வோக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறு வாரத்துக்குள் கால் 90 பாகையைத் தாண்டி மடங்க வேண்டும், நன்றாக நீளவும் வேண்டும், வலித்தாலும் பயிற்சியை விடாதீர்கள் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். பயிற்சித் தாளும் தந்தார்கள். அது அலுமாரிக்குள் போய்விட்டது. குற்றம் என்னுடையது.

குதியைக் கட்டிலோடு இழுத்து மடக்கும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவார். அதைப் பார்க்க முடியாமல் இரவில் தொலைபேசியைத் துழாவியபோதுதான் அந்தச் சமூக வலைத்தள விற்பனைப் பக்கம் கண்ணில் பட்டது. காலைத் தொட்டிலில் வைத்ததுபோல் வைத்தால், மின்சாரத்தில் தானாகவே மடக்கி நீட்டும் இயந்திரம். விலை 85,000 ரூபாய்.

அழைத்தேன். எடுத்தவன் விலையைப் பற்றிக் கதைக்கவே இல்லை. "அக்கா, காயத்தில் போட்ட கிளிப் எல்லாம் கழற்றிவிட்டார்களா? இரவில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறீர்களா? வைக்காதீர்கள், பிறகு கால் நீளாது" என்றான். ஆஸ்பத்திரியில் தாதி சொன்ன அதே சொற்கள்! அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? போதாததற்கு, "நானும் பரந்தன் பக்கம்தான் அக்கா, உங்கள் அம்மா எனக்கும் அம்மாதான்" என்றான். காலபோக நெல் விற்ற காசில் 25,000 முற்பணம். மறுநாள் காப்பை அடகு வைத்து மிச்சம் 60,000.

காசு போனதும் ஒன்று சொன்னான் பாருங்கள்: "இயந்திரம் வரும்வரை காலை வருத்தாதீர்கள்." தலையணை விஷயத்தில் உண்மை சொன்னவன் என்பதால் இதையும் நம்பினோம். பயிற்சியை நிறுத்தினோம்.

பிறகு பார்சல் அநுராதபுரம் தாண்டிவிட்டது என்றான். ஓமந்தையில் நிற்கிறது என்றான். நாளை போயா விடுமுறை என்றான். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை எடுத்து, "அவர் லீவு" என்று வைத்துவிட்டது. பத்தொன்பதாம் நாள் பெட்டி வந்தது. பாரம் இல்லாதபோதே வயிறு கலங்கியது. உள்ளே முழங்காலில் சுற்றிக் கட்டும் ஒரு துணிப்பட்டி. பொத்தானை அழுத்தினால் சூடாகி அதிரும். வீங்கிய காலுக்கு ஐஸ் வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இவன் சூடு அனுப்பியிருக்கிறான்! 85,000 ரூபாய்க்கு!

கேட்டால், "இது புதிய மாடல் அக்கா." காசைத் திருப்பித் தா என்றால், "பெட்டியை உடைத்துவிட்டீர்களே." உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

திங்கட்கிழமை கிளினிக்கில் இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். 60 பாகை. மூன்று வாரம் சும்மா இருந்த கால் இறுகிவிட்டது. இப்படியே போனால் மயக்கமருந்து கொடுத்து மடக்க வேண்டியும் வரலாமாம். அந்த இயந்திரமே ஒழுங்காக வந்திருந்தாலும், அது காலை ஆட்டுமே தவிரத் தொடைத் தசைக்குப் பலம் தராது, தசையை அம்மாதான் இறுக்கிப் பழக வேண்டும் என்றார். அம்மா கதிரையில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். காசைவிட அதுதான் என்னைச் சுடுகிறது.

அறிவுரை என்று சொன்னேன் அல்லவா. பொருளைக் கண்ணால் பார்க்காமல் வங்கியில் காசு போடாதீர்கள். போட்டிருந்தால் வைப்புச் சிட்டை, உரையாடல் எதையும் அழிக்காதீர்கள், பொலிஸில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்திருக்கிறேன். விற்கிறவன் சொல்லி எந்தப் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள், அரச ஆஸ்பத்திரியில் இயன் மருத்துவத்துக்கு ஒரு சதமும் கேட்பதில்லை. கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் வந்தால் யாரிடமும் விசாரித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். எட்டரை பஸ்ஸில் அம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டி இன்னும் மேசையில்தான் கிடக்கிறது, பொலிஸ் கேட்டால் காட்ட.